தூசி எழாத எட்டு வாரங்கள்

நான் யாரையும் காக்க வைப்பதில்லை. விசாரணைக் குழுவில் நீங்கள் நால்வரும் என்னை விசாரித்த மூன்று நாளும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு கால் குட்டை. இரண்டாம் நாள் ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்துச் சரிசெய்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நீங்களும் மரியாதையாகவே நடத்தினீர்கள். ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை உங்களில் இருவருக்குத் தெரியும். மற்ற இருவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்நட்சத்திரம் என்பது தூசி கலந்த அழுக்குப் பனிக்கட்டி. சூரியனை நெருங்க நெருங்கப் பனி ஆவியாகும். ஆவி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நீராவியைச் சூரிய ஒளி உடைத்துப் போட்ட துண்டுகள், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் மினுங்கும். மினுக்கத்தை அளந்தால் நொடிக்கு எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று கணக்கிடலாம். தூசி தானாக மினுங்காது. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஆகவே வாயு இவ்வளவு, தூசி இவ்வளவு என்று பிரித்துவிட முடியும். பூமியின் காற்று புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், இதையெல்லாம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எங்கள் தொலைநோக்கிதான் பார்க்கிறது.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணுக்கும் வயதாகும். ஒளி மாறாத ஒரு நட்சத்திரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, கண் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு. இரண்டு சதவீதம் மங்கிவிட்டது என்று நான் எழுதினால், கணினி எல்லா அளவுகளையும் அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளும். வாயுவுக்கு ஓர் அட்டவணை, தூசிக்கு ஓர் அட்டவணை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டையும் துறைத்தலைவர் மேசையில் வைப்பேன். அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். தயாரித்தவர், சரிபார்த்தவர். முதல் கோட்டில் நான், இரண்டாவதில் அவர். அவர் பேனாவைத் திறக்கும்போதே வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் காகிதத்தைப் பார்ப்பார். நட்சத்திரத்தின் மூல எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் பல வருடமாக என் தலையில் விட்டிருந்தார். நீங்கள் அதை நம்பிக்கை என்றீர்கள். நான் சோம்பல் என்பேன்.

அவரை அலுவலகத்தில் எல்லோரும் பெரிய சார் என்பார்கள். என்னைத் தராசு என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பது இதில் முக்கியம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் தங்கையும் இங்கே ஆய்வாளராக இருந்தாள். அப்போது இருபத்தாறு வயது. வேறொரு வால்நட்சத்திரம், மூன்றே நாளில் இரண்டு மடங்கு நீரை வெளியேற்றியதாகக் கண்டுபிடித்திருந்தாள். பெரிய மண்டபத்தில் அறுபது பேர் முன்னால் அதை விளக்கினாள். குரல் நடுங்கவில்லை. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்வரிசையில் பெரிய சார் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கால் மணி நேரம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் முடித்ததும் எழுந்தார்.

"ஏம்மா, வால்நட்சத்திரம் பாவம், அது ஒண்ணும் பண்ணல. உங்க அண்ணன் தராசுல கல்லு வெச்சிருக்காரு."

சிரிப்பு அடங்க நேரமானது. பின்னால் ஒருவர் இருமல் வரும் வரை சிரித்தார். விஷயம் இதுதான். அந்த வாரம் நட்சத்திரத்தைப் பார்த்த நேரத்தில் மட்டும் தொலைநோக்கி அளவு மீறிச் சூடாகியிருந்தது. அதனால் நட்சத்திரம் பாதியாக மங்கித் தெரிந்தது. கண்தான் மங்கிவிட்டது என்று நான் அட்டவணை போட்டேன். வெப்பநிலைத் தகவல் என் மேசைக்குத் தாமதமாக வந்தது. வந்த தகவலுக்கு என் அட்டவணை சரியானதுதான். அதை அந்த மண்டபத்தில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. கோப்பிலும் என் பெயருக்கு எதிரே 'பிழை' என்று எழுதி மூடினார்கள்.

மறுநாளிலிருந்து நான் தராசு. கடைநிலை ஊழியர்கூட "தராசு சார்" என்றுதான் கூப்பிட்டார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

தங்கை ஒரு வருடத்துக்குள் இந்தத் துறையை விட்டுப் போனாள். இப்போது வானிலை அலுவலகத்தில் மழை வருமா வராதா என்று சொல்கிறாள். கணவன், இரண்டு பெண்கள். அவள் வாழ்க்கை அந்த மண்டபத்திலேயே முடிந்துவிட்டது என்பது என் முடிவு. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "மழை வரும்னு சொன்னா வருதுண்ணா. நனைஞ்சவன் திட்டறான், நனையாதவன் மறந்துடறான். இதவிட என்ன வேணும் எனக்கு?" என்று சிரிப்பாள். மண்டபத்துப் பேச்சை எடுத்தால், "இன்னுமா அத புடிச்சுத் தொங்கிட்டிருக்க? அவர் சொன்னது சரிதானே?" என்பாள். எனக்காக மறைக்கிறாள். அண்ணனுக்குத் தெரியாதா?

இந்த வருடம் வந்த வால்நட்சத்திரம் பெரிய சாருக்கென்றே வந்ததுபோல் இருந்தது. அவருக்கு ஒரு பழைய கொள்கை உண்டு. சில வால்நட்சத்திரங்களின் மேல் தூசி இறுகி ஓடுபோல் ஆகிவிடும். உள்ளே வாயு சேரும், ஓட்டின் மெல்லிய விரிசல்களில் கசியும், ஆனால் ஓடு அசையாது. பிறகு ஒரு நாள் மொத்தமாக வெடிக்கும். வெடிப்பதற்கு முன் அடையாளம் ஒன்றுதான். வாயு ஏறும், தூசி ஏறாது. முப்பது வருடமாக அவர் காத்திருந்தும் ஒரு வால்நட்சத்திரம்கூட அப்படிச் செய்யவில்லை.

லிஃப்ட் வேலை செய்யாத ஒரு புதன்கிழமை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தராசு, ஒரு விஷயம். வயித்துல போற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதியிருக்காம். ஆறு சென்டிமீட்டர். மூணு வாரத்துல வெட்டித் தைக்கணும்னு டாக்டர் தேதி குடுத்திருக்கார்."

"தள்ளிப் போட்டா என்ன சார் ஆகும்?"

"வெடிக்கும். இரங்கல் கூட்டத்துல நீதான் பேசணும், சுருக்கமா பேசு." தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "எனக்குள்ளயும் ஓட்டுக்கடியில சேருதுப்பா." பிறகு சிரிப்பு போய்விட்டது. "போனா ஒன்றரை மாசம் வர முடியாது. நான் இல்லாத நேரமாப் பாத்து மேல அது வெடிச்சிடாதே?"

"இப்போதைக்கு அப்படி ஒண்ணும் தெரியல சார்," என்றேன். அன்றைக்கு அது உண்மை.

வீட்டுக்கு வந்து அந்த வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். நான்காவது சட்டையில் முடிவு செய்தேன். ஒருவரைப் பிடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவர் நகராமல் நிற்க ஒரு காரணம் கொடுத்தால் போதும்.

முதல் திங்களன்று வாயு அட்டவணையில் இரண்டு சதவீதம் சேர்த்தேன். அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்த வாரம் ஒன்பது. சூரியனை நெருங்கும்போது வாயு இயல்பாகக் கூடும், அது எல்லோருக்கும் தெரியும். நான் சேர்த்தது அதற்கு மேல். தூசி அட்டவணையைத் தொடவில்லை. அதைத் தொட்டிருந்தால் இது சாதாரண வால்நட்சத்திரமாகியிருக்கும், அவரும் குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போயிருப்பார்.

மூன்றாவது திங்கள் மதியம் அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இத்தனை வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

"தூசி அசையல, பாத்தியா? வாயு மட்டும் ஏறுது." என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷம்ப்பா."

அங்கே நின்றபடியே மருத்துவருக்குப் போன் செய்தார். "டாக்டர், ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா? வீட்டுக்கு ஒரு விருந்தாளி வராங்க. இல்ல, தவிர்க்க முடியாதவங்க." பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் புன்னகைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி என்னை அழைத்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, விருந்தாளின்னு பொய் சொல்லித் தேதிய மாத்தியிருக்கார். எங்க வீட்டுக்கு யாரு வரா? கேட்டா, வால்நட்சத்திரம்ங்கிறார். நான் சொன்னா காதுல ஏறாது, நீங்க சொன்னாக் கேப்பார். உங்க நம்பர் மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."

"நான் பேசறேன்மா. கவலைப்படாதீங்க."

"உங்கள நம்பித்தான் இருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை பதினான்கு சதவீதம் என்று எழுதினேன்.

அன்றைக்குப் பிறகு அவர் மாறினார். சத்தம் குறைந்தது. ஐந்தாவது திங்கள் பேனாவைத் திறக்காமல் காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ் வரை படித்தார். இது புதுப் பழக்கம்.

"நட்சத்திரத்த நல்லாப் பாத்தியாப்பா?"

"பாத்தேன் சார்."

"இன்னொரு தடவ பாக்கிறியா? அவசரமில்ல. சாயந்திரம் குடுத்தாப் போதும்."

"தேவையில்ல சார்."

என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கையெழுத்துப் போட்டார். "சரி. அடுத்த வாரமும் பாப்போம்." அடுத்த வாரமும் இதே பேச்சு. அதற்கடுத்த வாரமும். ஆசை அவரை விடவில்லை, நம்பவும் பயம், நம்பாமலிருக்கவும் பயம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதற்கிடையில் அறுவைச் சிகிச்சைத் தேதி இன்னும் இரண்டு தடவை தள்ளிப்போனது. நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை.

ஏழாவது வாரக் கூட்டத்தில் துணைத்தலைவர் பொறுமை இழந்துவிட்டார். சுறுசுறுப்பான பெண்மணி, எதையும் ஒளிக்கத் தெரியாது. "சார், இருபத்தாறு சதவீதம். இதுக்கு மேல எதுக்கு மூடி வெச்சிருக்கோம்? உலகத்துக்கே அறிவிச்சிடலாம். அறிக்கை எழுதி ரெடியா வெச்சிருக்கேன்."

"நான் இருக்கிற வரைக்கும் இது இந்த ரூமைத் தாண்டாது."

"நீங்க ஆபரேஷனுக்குப் போய்ட்டா?"

"போனா நீ அறிவிச்சிடுவ. அதான் போகல."

எல்லோரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பெருமை முழுவதும் தனக்கே வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எட்டாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். நடைபாதையில் அச்சு இயந்திரத்துக்கு அருகே ஒரு சத்தம் கேட்டது. நான்தான் முதலில் போனேன். வேறு யாரும் இல்லை. துணைத்தலைவரும் மற்றவர்களும் மாடியில் கூட்டத்தில் இருந்தார்கள். பெரிய சார் சுவரில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கை முதுகுப் பக்கமாக அழுத்தியிருந்தது. இயந்திரம் அவர் கேட்ட காகிதங்களை இன்னும் துப்பிக்கொண்டிருந்தது. சில கீழே பறந்து விழுந்திருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரத்தின் மூல எண்ணிக்கை, எட்டு வாரத்துக்கும். ஒரு வாரம்கூட அது மங்கியிருக்கவில்லை.

நான் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினேன். அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகத்தில் வலியோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்த நேரத்தில் அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

"நீயே பாத்துட்டியா," என்றார். "நல்லதாப் போச்சுப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் காகிதங்களைப் பக்க எண் வரிசையில் அடுக்கினேன். மொத்தம் இருபத்தேழு. ஒன்று இயந்திரத்துக்கு அடியில் போயிருந்தது, அதையும் எடுத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். நீங்கள் இந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி இரண்டு தடவை கேட்டீர்கள். அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

இறுதி மரியாதைக்குத் தங்கை வந்திருந்தாள். அவர் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்காமலே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இந்த வேலைக்கு எனக்குப் பரிந்துரைக் கடிதம் குடுத்ததே அவர்தாண்ணா. வருஷா வருஷம் போன் பண்ணுவார். அன்னிக்கு மண்டபத்துல அப்படிப் பேசினதுக்கு எத்தன தடவ வருத்தப்பட்டிருக்கார் தெரியுமா?"

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

ஆறுதல் வார்த்தைகளில் மயங்கிவிடுவது அவள் சுபாவம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பொறுப்பேற்ற துணைத்தலைவர், அறிவிப்பதற்கு முன் ஒரு தடவை மூல எண்ணிக்கையைச் சரிபார்த்தார். குழு அமைக்கப்பட்டது. நேற்று உங்கள் வரைவு அறிக்கை என் கையெழுத்துக்காக வந்தது. கூடவே அவர் மனைவி உங்களிடம் ஒப்படைத்த நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்க நகலும் இணைக்கப்பட்டிருந்தது. அவர் கையெழுத்து எனக்குப் பழக்கம், சிரமமில்லாமல் படித்தேன்.

நான்காவது வாரம்: "தராசு நட்சத்திரக் கணக்கைத் தவறவிட்டிருக்கிறான். கண் மங்கவில்லை. வால்நட்சத்திரம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. சொல்ல வேண்டும், ஆனால் கூட்டத்தில் இல்லை. ஒரு தடவை கூட்டத்தில் சொல்லி ஒரு நல்ல பெண்ணை விரட்டினேன், இவனை முடக்கினேன்."

ஐந்தாவது வாரம்: "ஜாடையாகக் கேட்டேன். பிடிபடவில்லை. அவனாகவே கண்டுபிடித்தால் கௌரவமாக இருக்கும். காத்திருக்கலாம்."

ஏழாவது வாரம்: "நான் போய்ப் படுத்தால் அவள் அறிவித்துவிடுவாள், உலகமே இவனைப் பார்த்துச் சிரிக்கும். கத்திக்கும் பயம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். டாக்டரிடம் இன்னும் பத்து நாள் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காகிதத்தோடு அவன் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நேராகச் சொல்லிவிடுவது."

இந்தப் பக்கங்களை ஆதாரமாக வைத்து, நடந்தது 'கவனக்குறைவால் நேர்ந்த அளவுத்திருத்தப் பிழை' என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மறைந்த துறைத்தலைவரும் அதை நேர்மையான பிழையாகவே கருதினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், இரண்டு மாதப் பயிற்சி. பயிற்சி அளவுத்திருத்தத்தில். பயிற்றுநர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். போட முடியாது. என் திட்டப்படி அவர் வெடிப்பைப் பார்க்கும் ஆசையில் நின்றிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற நின்றார் என்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது. இருக்கலாம். காரணம் எதுவானாலும் அறுவைச் சிகிச்சை மூன்று தடவை தள்ளிப்போனது, குழாய் வெடித்தது. முடிவில் வித்தியாசமில்லை. நான் அவரைக் கொன்றேன். வாரா வாரம், கணக்குப் போட்டு, தெளிவான புத்தியோடு கொன்றேன். அதற்குரியதை ஏற்றுக்கொள்கிறேன். இத்துடன் அந்த இருபத்தேழு பக்கங்களையும், எந்த வாரம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே நான் போட்டு வைத்த குறிப்பையும் இணைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு வாரத்தில் ஒரு தசமம்கூடப் பிசகவில்லை.

இதை என் தங்கைக்காகத்தான் செய்தேன். ஆனால் அறிக்கையில் அவளைப் பற்றி எழுத வேண்டியதில்லை. பதினேழாம் பக்கத்தில் 'பிழை' என்று இருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். முடிந்தால், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பிலிருந்தும்.